துண்டு மாட்டும் கம்பி

மைக்ரான் என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கியர்பாக்ஸ் கம்பெனியில் இன்ஜினியராகச் சேர்ந்த புதிதில் ஒரு பல்சக்கரத்தை அளந்து பார்த்துவிட்டு, நாலு மைக்ரான் தள்ளியிருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரு தலைமயிரைப் பத்தாகப் பிளந்து ஒரு கீற்றை எடுத்தால், அதைவிட மெல்லிய பிசகு அது. சக்கரம் திரும்பிப் போனது. பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. நாளாவட்டத்தில் வீட்டுக்குள்ளும் நுழைந்து, பல் டாக்டரான அவள் கணவனும் கோபம் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான்.

கம்பெனியில் அவளுக்கு நல்ல மரியாதை இருந்தது. பொட்டலம் கட்டும் ராட்சத இயந்திரம் ஒன்றின் கியர்பாக்ஸ் போட்ட கூச்சலை இரண்டு வருஷம் மல்லுக்கட்டி அடக்கினாள். பூனை நடக்கிற மாதிரி ஓடத் தொடங்கியது அது. அதற்காக விழா எடுத்து, மேடையேற்றி, கண்ணாடியில் செய்த ஒரு கேடயத்தையும் கொடுத்தார்கள். நிகழ்ச்சியை நடத்த வந்திருந்த பெண், எல்லா மேடையிலும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

"மேடம், இதனால சாதாரண ஜனங்களுக்கு என்ன நன்மை?"

"சத்தம் குறையும்."

"யாருக்கு மேடம்?"

மைக்ரான் யோசித்தாள். அந்த இயந்திரம் ஓடுகிற கூடத்துக்குள் மனிதர்கள் போகக் கூடாது. கதவில் அப்படித்தான் பெரிதாக எழுதியிருக்கும். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"அங்க யாரும் இருக்க மாட்டாங்க" என்றாள் ஒலிபெருக்கியில்.

அரங்கமே சிரித்தது. நிர்வாக இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவளும் கூடச் சிரித்து வைத்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குக் கூடவே வந்துவிட்டது. சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்துகொண்டது. ஆளில்லாத அறையில் இருந்த சத்தத்தைக் குறைத்ததற்காகக் கேடயம் வாங்கிய முதல் ஆள் உலகத்தில் தான்தானோ என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. மழைக்காலம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டு, முதியவர்களும் நோயாளிகளும் புழங்குகிற பொருட்களை வடிவமைக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில், பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள்.

கணவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவன். எதிராளியின் பதிலை எதிர்பார்க்கிற வழக்கமே அவனுக்குக் கிடையாது. "உனக்குப் பிடிச்சிருந்தா சரி, வலிச்சா கையைத் தூக்கு" என்றதோடு நிறுத்திக்கொண்டான். அவளுடைய அம்மாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. டிசைன் என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது துணி ஒன்றுதான். இத்தனை படித்துவிட்டு மகள் தையலுக்குப் போய்விட்டாள் என்ற துக்கத்தை அவள் சொந்தபந்தமெல்லாம் பரப்பியதில், பெரியம்மா ஒரு மூட்டை திரைச்சீலைத் துணியை அனுப்பி, அவசரமில்லை, நல்ல டிசைனாகப் போட்டுக் கொடு என்று சொல்லியனுப்பினாள். மூட்டை இன்னும் கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது.

மாமனார் மட்டும் அவள் செய்ததை நியாயம் என்றார். அவர் முப்பது வருஷம் கால்பந்து ரெஃப்ரியாக இருந்தவர். எண்பதை நெருங்கியும் முதுகு வளையவில்லை. வீட்டில் எந்தச் சண்டையானாலும் இரு தரப்பையும் ஓரமாக நிறுத்தி விசாரிப்பார். தீர்ப்பை மாற்றுகிற பேச்சே கிடையாது. "ஒரு டீம் பிடிக்கலைன்னா இன்னொரு டீமுக்குப் போறதுல தப்பே இல்ல" என்று அவர் சொன்னதும் விஷயம் முடிந்துவிட்டது.

புதிய அலுவலகம் ஒரு டயர்க் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்றடிக்கிற ஒவ்வொரு தடவையும் மேலே மேசை விளக்குகள் மினுக்கும். மூலைக்கு மூலை சக்கர நாற்காலிச் சட்டங்கள், களிமண்ணில் பிசைந்த கைப்பிடிகள், அட்டையில் வெட்டி ஒட்டிய கழிவறை இருக்கைகள். அதன் தலைவி இவளைவிட இரண்டு வயது சின்னவள். யார் எதைச் சொன்னாலும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு "அப்புறம்?" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. சொன்னவர் தடுமாறி, இன்னும் கொஞ்சம் சொல்லி, கடைசியில் தன் யோசனையைத் தானே குப்பையில் போட்டுவிட்டுப் போவார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'அப்புறம்'தான். அது அவளுக்கும் தெரியும்.

மைக்ரானுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு கம்பி. பிள்ளைகள் துணையில்லாமல் வாழும் முதியவர்களுக்காகக் குடியிருப்பு வாரியம் ஒரு பெரிய கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தது. வயதானவர்கள் அதிகம் விழுவது குளியலறையில் என்பதால், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு பிடிமானக் கம்பி கேட்டிருந்தார்கள்.

அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. ஒரு கம்பி. வளையவும் வேண்டாம், சுற்றவும் வேண்டாம், சும்மா நின்றால் போதும். இருந்தும் வேலையில் குறை வைக்கவில்லை. கணக்குப் போட்டாள், போட்ட கணக்கை இன்னொரு விதமாகப் போட்டுச் சரிபார்த்தாள். ஈரக்கைக்கு வழுக்காமலிருக்க மேலே வரி வரியாகப் பள்ளம் வெட்டினாள். மங்கலான கண்ணுக்கும் தெரிய வேண்டுமென்று தீயணைப்பு வண்டியின் சிவப்பைப் பூசினாள். பரிசோதனைக்காக அதை ஒரு சுவரில் பதித்து, டயர்க்காரரிடம் சொல்லி லாரி டயர்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். டயர்க்காரருக்குக் கைவசம் டயர் தீர்ந்துபோனதுதான் மிச்சம். கம்பி அசையவில்லை.

'அப்புறம்' எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, மாட்ட வேண்டியதுதான்" என்றாள் மைக்ரான்.

முன்னோட்டமாகச் சில வீடுகளில் மாட்டினார்கள். தன் வீட்டுக் குளியலறையிலும் மாமனாருக்காக ஒன்றை மாட்டினாள். மாலை நடை முடிந்து வந்த ரெஃப்ரி அதன் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாருக்கும்மா?"

"பொதுவா வைக்கிறதுதான் மாமா. யாரு வேணா பிடிச்சுக்கலாம்."

"நான் விழுறவன் இல்லம்மா. விழுறவனைப் பார்த்து விசில் ஊதுறவன்."

கோபமாகச் சொல்லவில்லை. மைதானத்தில் ஆட்டக்காரர்களுக்கு விதியைச் சொல்கிற குரல்தான். மறுநாள் முழங்கையில் இடிக்கிறது என்றார். அடுத்த நாள் அந்தச் சிவப்பைப் பார்த்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்து குளிக்கவே மனசு வரவில்லை என்றார். மூன்றாம் நாள் மகனை அழைத்து, ஒன்று அது இருக்க வேண்டும் அல்லது நான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். மைக்ரான் கம்பியைக் கழற்றினாள். டைல்ஸில் நான்கு ஓட்டைகள் நின்றன.

மற்ற வீடுகளில் கம்பிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கப் போனபோதுதான் வயிறு எரிந்தது. போகிற வீட்டிலெல்லாம் விருந்தாளி வருகிறாள் என்று குளியலறையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். கம்பி ரொம்ப உபயோகம், நீ நன்றாக இருப்பாய் என்று வாழ்த்தினார்கள். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போனால் வேறு காட்சி. ஒரு வீட்டில் அதில் குடை தொங்கியது. ஒரு வீட்டில் வெங்காயக் கூடை. கல்யாணமே செய்துகொள்ளாமல் ஒன்றாகக் குடியிருந்து ஓயாமல் சண்டை போடும் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அந்த வீட்டில் லாரி டயர்களைத் தாங்கிய கம்பி அண்ணனின் ஈரப் பனியன்களைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னா கேட்க மாட்டேங்கிறாரும்மா. பனியன் காய வைக்கத்தான் அந்தப் பொண்ணு இவ்வளவு கஷ்டப்பட்டுச்சான்னு கேட்டேன்" என்றாள் தங்கை. அண்ணன், சிவப்பு நிறத்தில் போட்டால் பனியன் சீக்கிரம் காய்கிறது என்று ஒரு காரணம் வைத்திருந்தார்.

அலுவலகத்தில் அவள் தன் புலம்பலை எடுத்து வைத்தாள். ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், கம்பியின் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை, ஒரு வகுப்பு நடத்தலாம், படம் போட்டு ஒட்டலாம் என்றாள். 'அப்புறம்' வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. நானும் அந்தப் பனியன் வீட்டைப் பார்க்கிறேன், வா என்று கிளம்பிவிட்டாள்.

பெரிய மேடமே வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட தங்கை, குளியலறைத் தரையைச் சோப்பு போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். சோப்பை அலசுவதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது. மைக்ரான் முன்னால் நடந்து, தான் கம்பியை எந்தக் கோணத்தில் பொருத்தியிருக்கிறாள் என்று விளக்கிக்கொண்டே உள்ளே காலை வைத்தாள். கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. தன் வழியில் போய்விட்டது.

ஒரு கண்ணிமைப்புதான். கை தானாக நீண்டு எதையோ பிடித்தது. பிடித்தது அவளுடைய சிவப்புக் கம்பியை அல்ல. வாஷ்பேசின் பக்கத்தில் துண்டு தொங்கிக்கொண்டிருந்த மெல்லிய கம்பியை. இரண்டு துருப்பிடித்த திருகுகளின் தயவில் நின்றுகொண்டிருந்த அந்தக் கம்பி, திருகுகளோடும் ஒரு பிடி சுவர்ச் சாந்தோடும் அவள் கையோடு வந்தது. பொத்தென்று உட்கார்ந்தாள். துண்டு மெதுவாக இறங்கி அவள் தலையில் அமர்ந்தது. சோப்புப் பெட்டி கடைசியாக விழுந்து, தரையில் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புக் கம்பி, இரண்டு பனியன்களோடு, ஒரு கீறலும் இல்லாமல் நின்றது.

வாசலிலிருந்து தலைவியின் குரல் வந்தது. "அப்புறம்?"

தங்கை பதறினாள். அண்ணன் சுவர்ச் சாந்தைப் பார்த்துப் பதறினார். மைக்ரான் துண்டை விலக்கித் தலையை வெளியே நீட்டினாள். இடுப்பு வலித்தது. ஆனால் அவள் முகத்தில் வலியைக் காணோம். கணக்கு பிடிபட்டவளின் முகம் அது.

"நீ ஏன் அதைப் பிடிக்கல?" என்று தலைவி சிவப்புக் கம்பியைக் காட்டிக் கேட்டாள். அவள் அவ்வளவு நீளமான கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை.

மைக்ரான் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். "அது எனக்குன்னு தோணலை. வயசானவங்களுக்கு வெச்சதுன்னு கைக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு அவ்வளவு வயசாகலையே."

"இந்த வீட்டுல யாருக்கும் ஆகலை" என்றார் எண்பத்திரண்டு வயது அண்ணன். வாழ்க்கையில் முதல் முறையாகத் தங்கை அவர் சொன்னதை ஒப்புக்கொண்டாள்.

டாக்ஸியில் உட்கார முடியாமல் ஒருக்களித்தபடி வீடு வந்து சேர்ந்தாள். ரெஃப்ரி அவளை நடக்கவிட்டுப் பார்த்து, நடிப்பில்லை, அடி நிஜம் என்று சான்றிதழ் கொடுத்தார். கணவன் வெந்நீர்ப் பை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எப்படி விழுந்தாய் என்று கேட்டுவிட்டு, வழக்கம்போலப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவள் செய்த முதல் காரியம் ஒரு பெட்டி நீலச் சாக்பீஸ் வாங்கி இடித்தது. அந்தப் பொடியோடு முன்னோட்ட வீடுகளுக்குப் போனாள். குளிக்கப் போகிறவர்கள் இதைக் கையில் பூசிக்கொண்டு போக வேண்டும், எங்கெல்லாம் கை படுகிறதென்று நான் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். இந்தப் பெண்ணுக்கு விழுந்ததில் தலையிலும் அடிபட்டிருக்கிறது என்று பேசிக்கொண்டாலும் ஒத்துழைத்தார்கள். வெளியே வந்தபின் அவள் போய்ப் பார்ப்பாள். வாஷ்பேசின் விளிம்பில் நீலம். கதவு நிலையில் நீலம். சோப்பு வைக்கும் தட்டில், குழாயில், எல்லாவற்றுக்கும் மேலாகத் துண்டு மாட்டும் கம்பியில் அப்பிக் கிடக்கும் நீலம். சிவப்புக் கம்பி மட்டும் கடையிலிருந்து வந்த நாள் போலவே சிவப்பாக இருந்தது.

தன் வீட்டில் கேட்டுச் செய்கிற வழியில்லை. ரெஃப்ரியிடம் போய், கையில் பொடி பூசிக்கொள்ளுங்கள், நீங்கள் எதைப் பிடிக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும் என்றால், பதில் விசிலில் வரும். ஒரு காலை அவர் குளிக்கப் போகுமுன் கதவின் கைப்பிடியில் லேசாகப் பொடியைத் தடவிவிட்டாள். அவர் குளித்து, உடுத்தி, வெளியே கிளம்பிப் போனபின் உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

கதவு நிலையில் தொடங்கியது. அங்கிருந்து சுவர் அலமாரி விளிம்புக்கு, அங்கிருந்து ஜன்னல் கட்டைக்கு, அங்கிருந்து துண்டுக் கம்பிக்கு, பிறகு குழாய்க்கு. திரும்புகிற வழியில் மறுபடி எல்லாம். எதையும் பிடிக்காதவர் எதையும் விட்டுவைக்கவில்லை. விரல்கள் அகலமாக விரிந்து அழுந்தியிருந்த தடங்கள். ஓர் இடத்தில், அவள் கம்பியைக் கழற்றிய ஓட்டைகளுக்குப் பக்கத்தில், வெறும் டைல்ஸில் ஓர் உள்ளங்கை வழுக்கிக்கொண்டே கீழே இறங்கியிருந்தது.

அடுத்தவர் குளிக்கும்போது எட்டிப் பார்த்த மாதிரி அவளுக்குக் கூசியது. ஈரத்துணி எடுத்து ஒரு தடம் விடாமல் துடைத்தாள். ரெஃப்ரியோ வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கத்தில் ஒரு முழு நீலக் கையோடு பூங்காவில் ஒரு சுற்று முடித்து, நண்பர்கள் சொல்லித் தெரிந்துகொண்டு, சோப்பு சாயம் போகிறது என்ற முடிவோடு நேராகக் கடைக்குப் போயிருந்தார். கடைக்காரரால் அந்தத் தீர்ப்பை எதிர்க்க முடியவில்லை. வேறு சோப்பு கொடுத்தனுப்பினார்.

அதற்கப்புறம் மைக்ரான் செய்தது துண்டு மாட்டும் கம்பி. பார்த்தால் வேறெதுவும் தோன்றாது. வெளிர் மர நிறம், ஓரத்தில் சோப்பு வைக்க ஒரு சிறு தட்டு, துண்டு காயப் போதுமான இடைவெளி. இளவட்டங்கள் புது வீட்டுக்கு விலை கேட்டு வாங்கிப் போகிற அழகு. ஆனால் உள்ளே அவள் கியர்பாக்ஸ் காலத்து மூளை முழுவதையும் இறக்கியிருந்தாள். சுவருக்குள் போய் விரிந்து கவ்வுகிற அதன் வேர்களைச் சரிசெய்யவே நெடுநாள் ஆயிற்று. மைக்ரான் கணக்கெல்லாம் இப்போது ஒரு ஆள் இருக்கிற அறைக்காகப் போடப்பட்டது. டயர்க்காரர் மறுபடி தன் டயர்களோடு மேலே வந்தார். இந்தத் தடவையும் தோற்றுத்தான் இறங்கினார்.

வீட்டில் அதை மாட்டும்போது ரெஃப்ரி வந்து நின்றார். ஓட்டையை மறைக்கத்தான் மாமா, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றாள். அவர் தட்டிப் பார்த்தார். அப்படியானால் சரி என்றார்.

வாரியத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி விதிகளை மனப்பாடமாக வைத்திருந்தவர். மாதிரிக் குளியலறைக்குள் நுழைந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"பிடிமானக் கம்பி எங்க?"

தலைவியும் மைக்ரானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்ரான் வாயைத் திறப்பதற்குள், பிடிமானக் கம்பி இல்லாத குளியலறைக்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று அவர் ஆரம்பித்துவிட்டார். ஒருவேளை எங்காவது கீழே வைத்துவிட்டார்களோ என்ற சந்தேகத்தில், வாஷ்பேசினுக்கு அடியிலும் பார்க்கக் குனிந்தார். உடம்பு கனத்த மனிதர். குனிவது ஒரு வேலை, எழுவது இன்னொரு வேலை. முனகிக்கொண்டே எழுந்து, வியர்வையைத் துடைத்தார்.

"இல்லையே" என்றார்.

"சார், இப்ப எதைப் பிடிச்சு எழுந்திரிச்சீங்க?" என்று கேட்டாள் மைக்ரான்.

அவர் தன் இடது கையைப் பார்த்தார். அது இன்னும் அங்கேயே இருந்தது. சூடுபட்ட மாதிரி வெடுக்கென்று எடுத்தார். பிறகு மெல்ல மறுபடி பிடித்து, இழுத்து, ஆட்டி, கடைசியில் முழு உடம்பையும் கொடுத்துத் தொங்கியும் பார்த்தார்.

"அப்போ இது துண்டுக் கம்பி இல்லையா?"

"துண்டும் மாட்டலாம் சார்."

கையெழுத்துப் போட்டார். ஆனால் விதி விதிதான். பிடிமானக் கம்பி என்று அதன்மேல் எழுதியே ஆக வேண்டும் என்றார். ஒவ்வொரு கம்பியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். குடிவந்தவர்கள் முதல் வேலையாக அதை உரித்துப் போட்டார்கள். புதுக் கட்டடத்துக்கே குடிமாறி வந்த அண்ணன் மட்டும் அதை வீணாக்கவில்லை. தங்கை உட்காரும் நாற்காலியின் முதுகில் ஒட்டிவைத்தார். அதற்கு அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

கட்டடத்தில் யாரும் விழவே இல்லை என்று சொல்ல முடியாது. விழப்போனவர்களில் நிறையப் பேர் பாதியில் நின்றார்கள். நின்றவர்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்குத் தோன்றவில்லை, துண்டை எடுக்கத்தானே கை நீட்டினார்கள். இந்த வேலைக்குக் கேடயம் கிடையாது என்று மைக்ரானுக்கு அப்போதே புரிந்துவிட்டது. யார் கேட்டாலும் இப்போது அவளிடம் ஒரு பதில் இருந்தது. ஆனால் கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் சாப்பாட்டு மேசையில் ஒரு நோயாளிக் கட்டிலின் படம் வரைந்துகொண்டிருந்தபோது, ரெஃப்ரி பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அம்மா, அந்தத் துண்டுக் கம்பி நல்லா இருக்கு."

"சரிங்க மாமா."

"ஆனா ஒண்ணு போதலை. துண்டு சரியா காய மாட்டேங்குது. இன்னொண்ணு போட்டா நல்லா இருக்கும்."

"போட்டுடலாம் மாமா. எங்க போடணும்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "டாய்லெட் பக்கத்துல."

மைக்ரான் பென்சிலைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும், அல்லது வேறு ஏதாவது வந்துவிடும்.

"எவ்வளவு உயரத்துல மாமா?"

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. சற்று யோசித்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கப் போகிறவர் போல உடம்பை முன்னால் சாய்த்து, வலது கையை நீட்டி, காற்றில் ஓர் இடத்தில் விரல்களை மடக்கி நிறுத்தினார்.

"இங்க."

அவள் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அவர் உள்ளங்கை வரை அளந்தாள். நிதானமாக, ஒரு மைக்ரான் பிசகாமல் அளப்பவள் மாதிரி அளந்தாள்.

"துண்டு மாட்ட இந்த உயரம் போதுமா மாமா? தரையில புரளாதா?"

ரெஃப்ரி கையை இறக்கவில்லை.

"சின்னத் துண்டுதாம்மா" என்றார்.